அந்தக் கையெழுத்தையும் தணிக்கை செய்யுங்கள்

பெறுநர்: கணக்காளர் தகுதி வழங்கும் தொழில்முறை அமைப்புகளின் பயிற்சிக் குழுவினர்

அன்புடையீர், வணக்கம்.

என் மேசைமேல் மூன்று நாளாக ஒரு படிவம் கிடக்கிறது. என்னிடம் பயிற்சி முடித்துப் போகவிருக்கும் ஒரு பெண்ணுடையது. நான்கு பக்கம். என்ன வேலை, எத்தனை நாள், அதில் எந்தத் திறன் வந்தது என்று கட்டம் கட்டமாகப் போகிறது. கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி. மேலே சொன்னதெல்லாம் என் மேற்பார்வையில் நடந்தது என்று நான் உறுதியளிக்கிறேனாம். அதன்கீழ் ஒரு கோடு. அந்தக் கோட்டில் என் கையெழுத்து விழுந்தால் அவர் பெயருக்குப் பின்னால் உங்கள் தகுதி எழுத்துகள் வந்துவிடும். தாள்கள் அத்தனையையும் அவர் எழுதி முடித்துவிட்டார். மிச்சம் இந்தக் கோடுதான்.

இதுவரை பதினொரு பேருக்கு இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒருமுறைகூட உங்கள் பக்கத்திலிருந்து யாரும் கூப்பிட்டு, "மூன்றாவது கட்டத்தில் எழுதியிருக்கிறீர்களே, அது எந்த ஃபைல்?" என்று கேட்டதில்லை. என் உறுப்பினர் எண் நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தீர்கள். அந்த எண் இருந்தால் நான் சொல்வது உண்மை. அவ்வளவுதான் உங்கள் சோதனை.

தேர்வு கடினமா, பாடத்திட்டம் பழசா என்பதைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது அந்தக் கோட்டைப் பற்றி மட்டும்.

முதலில் என் பழைய பாக்கியைச் சொல்லிவிடுகிறேன். நான் பயிற்சியில் இருந்த காலத்தில் வேலை டைரியை அன்றாடம் எழுதி, மாதம் ஒருமுறை பிரின்சிபலிடம், அதாவது பயிற்சி தரும் ஆடிட்டரிடம், கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. நானும் கூட இருந்த மூன்று பேரும் கடைசி வாரத்தில் வட்டமாக உட்கார்ந்து மொத்த வருடங்களையும் எழுதினோம். ஒரே பேனாவில் எழுதினால் சந்தேகம் வரும் என்று யாரோ சொல்ல, கறுப்பு ஒன்று, நீலம் இரண்டு என்று வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எழுதினோம். ஒருத்தர் கிளையண்ட் பெயர்களைச் சொல்வார், ஒருத்தர் காலண்டரைப் பார்த்துத் தேதி சொல்வார். ஞாயிற்றுக்கிழமையில் விழுந்துவிட்ட ஒரு வவுச்சிங் வேலையை (பில்களைக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது) அடித்துத் திருத்தியது இன்னும் நினைவிருக்கிறது. சார் ஒரு போன் பேசிக்கொண்டே அத்தனை பக்கத்திலும் கையெழுத்திட்டார். போன் முடிவதற்குள் டைரி முடிந்துவிட்டது.

அவர் கெட்டவர் அல்ல. அவருக்கும் அவருடைய சாருக்கும் நடுவில் இப்படித்தான் நடந்திருக்கும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பின்தேதியிட்ட ஆவணம் எப்படித் தயாராகிறது, அதைப் பார்த்தால் எப்படி நம்பத் தோன்றும் என்பதை எங்கள் தலைமுறை முதன்முதலில் கைப்படக் கற்றது எந்தக் கிளையண்டிடமும் அல்ல. உங்கள் டைரியில்தான்.

தேர்வுக்கூடத்தில் உங்கள் கவனத்தைப் பார்த்தால் பயமாகவே இருக்கும். முகத்தையும் புகைப்படத்தையும் இரண்டு முறை ஒத்துப் பார்ப்பார்கள். கால்குலேட்டரின் மாடலைக்கூட விட மாட்டார்கள். திருத்துபவருக்கு எழுதியவர் யார் என்று தெரியாது. இந்தியாவின் பட்டயக் கணக்காளர் கழகமான ஐசிஏஐயில் ஒரு தாளில் 39 வாங்கினால் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் அந்த குரூப் (சேர்த்து எழுதும் தாள்களின் தொகுதி) தேறாது. ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். பிரிட்டனின் ஏசிசிஏ கணக்காளர் அமைப்பில் 49 வந்தால் மறுபடி பணம் கட்ட வேண்டும். அமெரிக்காவின் கணக்காளர் உரிமத் தேர்வான சிபிஏவில் 74 வாங்கியவர் மறுபடி உட்கார வேண்டும், 75 வாங்கியவர் எழுந்து போகலாம். அந்த ஒரு மதிப்பெண்ணுக்காக எத்தனை பேர் அழுதிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருத்தி. அந்தக் கறார்த்தனத்தை நான் குறை சொல்லவில்லை. வேண்டும்தான்.

அதே ஆள் அனுபவத்தைக் காட்ட வரும்போது அந்தக் கறார் எங்கே போகிறது? ஏசிசிஏ 36 மாதம் கேட்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் பட்டயக் கணக்காளர் அமைப்பு குறைந்தது 450 நாள் கேட்கிறது. கனடாவின் சிபிஏ அமைப்பு 30 மாதம். ஐசிஏஐ 2023 ஜூலையில் கொண்டுவந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் அலுவலகப் பயிற்சியை மூன்று வருடத்திலிருந்து இரண்டு வருடமாகக் குறைத்தது. மாதம், நாள், வருடம். எல்லாம் காலண்டர் கணக்கு. அந்த நாளில் என்ன நடந்தது என்பதற்கு ஒரே சாட்சி, அந்த நாளுக்குச் சம்பளம் கொடுத்தவர்.

ஏசிசிஏ ஒன்பது செயல்திறன் நோக்கங்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் பயிற்சி பெறுபவரே தன் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும் என்கிறது. சர்வதேசக் கணக்காளர் கூட்டமைப்பின் ஐந்தாவது கல்வித் தரநிலையும் வெறும் காலத்தை எண்ணுவதோடு நிற்காமல், என்ன திறன் வந்தது என்பதைக் கொண்டும் அனுபவத்தை அளக்க இடம் தருகிறது. காகிதத்தில் இவை நல்ல மாற்றங்கள்தான். ஆனால் காலத்தை எண்ணினாலும் திறனை எழுதினாலும் கடைசியில் போய் முட்டுவது அதே கோட்டில். உங்களில் சிலர் பயிற்சி தரும் நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தருகிறீர்கள், மறுக்கவில்லை. அது வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. படிவத்தில் கையெழுத்துப் போடுகிற என்னைப் பற்றி அந்தச் சட்டகத்துக்கு ஒன்றும் தெரியாது.

எடின்பரோவின் கணக்காளர் சங்கம் 1854இல் அரச பட்டயம் பெற்றபோதும், 1880இல் இங்கிலாந்து, வேல்ஸ் அமைப்பு பட்டயம் பெற்றபோதும் இந்தத் தொழிலின் நடுத்தூண் ஒப்பந்தப் பயிற்சிதான். அந்தக் காலத்தில் பயிற்சிக்கு வருபவர்தான் பிரின்சிபலுக்குப் பணம் கட்டிச் சேர்ந்தார். இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அதில் ஒரு கணக்கு இருந்தது: பணம் கொடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய கடன் வாங்கியவருக்கு இருந்தது. இன்று உதவித்தொகை நாங்கள் தருகிறோம், அதனால் வேலை வாங்கும் உரிமை எங்களுக்கு வந்துவிட்டது. கற்றுக்கொடுக்கும் கடன் எங்கே போனது என்று யாரும் தேடவில்லை. பழையபடி பணம் கட்டிச் சேரட்டும் என்று சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறேன். கன்ஃபர்மேஷன் லெட்டர்: கிளையண்ட் காட்டும் பாக்கியும் இருப்பும் சரிதானா என்று ஆடிட்டர் வெளியாரிடம் நேரடியாகக் கேட்கும் கடிதம்.

தேர்வில் இது நான்கு வரி. இதற்கான சர்வதேசத் தணிக்கைத் தரநிலை ஐஎஸ்ஏ 505 என்ன சொல்கிறது, பதில் வந்தே ஆக வேண்டிய வகை எது, ஒத்துப்போகாவிட்டால் மட்டும் பதில் எழுதும் வகை எது என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். நானும் எழுதினேன், நல்ல மதிப்பெண்தான் வாங்கினேன். ஆனால் அது என்ன என்று எனக்குத் தெரிந்தது தேர்வில் அல்ல.

என் பயிற்சியின் இரண்டாம் வருடம் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் ஆடிட். பாக்கிதாரர்களுக்கு 42 கடிதம் தயார் செய்திருந்தேன். கிளையண்டின் கணக்குப் பிள்ளை மிகவும் அன்பானவர். "குடும்மா, எங்க தபாலோட சேர்த்துப் போட்டுடறேன், உனக்கெதுக்கு அலைச்சல்?" என்று கையை நீட்டினார். நானும் கொடுக்கப் போனேன். எங்களோடு வந்திருந்த சீனியர், அவரே அப்போது இன்னும் ஃபைனல் பாஸாகாதவர், எழுந்து வந்து கட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கணக்குப் பிள்ளையிடம் சிரித்துக்கொண்டே, "எங்களுக்கு நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றார். வெளியே வந்ததும் முகம் மாறிவிட்டது.

"கவரை நீயே ஒட்டு. நீயே பெட்டியில போடு. பதில் வர்ற விலாசம் நம்ம ஆபீஸ். நடுவுல அவங்க கை பட்டா, அப்புறம் இது அவங்க நமக்கு எழுதின லெட்டர். அவங்களைப் பத்தி மத்தவங்க நமக்கு எழுதினது இல்ல."

42 கவரும் நானே ஒட்டினேன். மூன்று வாரத்தில் மூன்று கவர் திரும்பி வந்தன. இரண்டில் விலாசம் மாறியிருந்தது, விசாரித்ததில் சரியாகிவிட்டது. மூன்றாவதின்மேல், அப்படி ஒருவர் அங்கே இருந்ததே இல்லை என்று தபால்காரர் பென்சிலில் எழுதியிருந்தார். லெட்ஜரில் அந்தப் பெயருக்கு வருடக் கடைசி வாரத்தில் மட்டும் நான்கு விற்பனைப் பில்கள். அன்று அந்தக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் நான் கணக்காளர் ஆனேன் என்று நினைக்கிறேன். உங்கள் சான்றிதழில் வேறு தேதி இருக்கிறது.

இந்தக் கவர் சின்ன விஷயம் அல்ல என்று உங்களுக்கே தெரியும். 1938இல் அமெரிக்காவின் மெக்கெசன் அண்ட் ராபின்ஸ் நிறுவனத்தில் சுமார் 2 கோடி டாலர் சொத்து ஏட்டில் மட்டும் இருந்தது வெளியே வந்தது. இல்லாத கிடங்கில் இல்லாத சரக்கு. அன்றைய வழக்கப்படி ஆடிட்டர்கள் போய்ப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் சரக்கை நேரில் பார்ப்பதும் பாக்கிதாரரிடம் நேரடியாகக் கேட்பதும் வழக்கமான கடமையாக எழுதப்பட்டன. 2009 ஜனவரி 7 அன்று இந்தியாவின் சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று இருந்தது. பின்னால் 2011இல் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் ஆடிட்டர்கள்மீது வைத்த முக்கியமான குறை, வங்கிக்கு அனுப்பும் கன்ஃபர்மேஷன் கடிதங்களைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருக்கவில்லை என்பது. 2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்ட் என்னும் பணப் பரிவர்த்தனை நிறுவனம்: 190 கோடி யூரோ இருப்பதாகச் சொல்லப்பட்ட பிலிப்பைன்ஸ் வங்கிகள் இரண்டும், அப்படி ஒரு கணக்கே எங்களிடம் இல்லை, ஆவணம் போலி என்று கைவிரித்தன.

மூன்று கண்டம், எண்பது வருடம், ஒரே கேள்வி: கவர் யார் கையில் இருந்தது? அதை ஒட்டுவது பெரும்பாலும் அலுவலகத்திலேயே சின்ன ஆள். பயிற்சி பெறுபவர்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு பையன் பயிற்சியில் இருந்தார். கணக்கில் புலி. வரி ரிட்டர்ன் வேலைகளை அவரிடம் தள்ளினால் இரவோடு இரவாக முடித்துவிடுவார். அப்படிப்பட்ட ஆள் கிடைத்தால் ஒரு சின்ன அலுவலகம் என்ன செய்யும்? அந்த வேலையிலேயே வைத்துக்கொண்டது. பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதியை ஒரே வேலையில் கழித்தார். கேட்டார், ஒருமுறை அல்ல, மூன்று முறை: "மேடம், அடுத்த ஸ்டாக் ஆடிட்டுக்கு நான் வரட்டுமா?" இந்த சீசன் முடியட்டும் என்றேன். சீசன் எங்கே முடிகிறது.

கடைசியில் படிவம் வந்தது. வெளியாரிடம் உறுதிப்படுத்தல் கேட்கும் வேலையைத் திட்டமிட்டு நடத்தினார் என்று ஒரு கட்டம். ஒரு கடிதம்கூட அவர் அனுப்பியதில்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இருவரும் அந்தக் கட்டத்தைப் பார்க்காததுபோல் இருந்தோம். அடுத்த திங்கட்கிழமை அவர் புது வேலையில் சேர வேண்டும். உண்மையை எழுதினால் வேலை போகும். அதற்குக் காரணம் நான். கையெழுத்துப் போட்டேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு இன்னும் உறுத்துகிறது.

எட்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி கூப்பிட்டார். புது இடத்தில் வங்கிக் கன்ஃபர்மேஷன் வேலையை இவரிடம் கொடுத்திருக்கிறார்கள். இவர் மாதிரிக் கடிதத்தை கிளையண்டின் அக்கவுண்டண்ட்டுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, வங்கியில் வாங்கித் தரச் சொல்லியிருக்கிறார். ஸ்கேன் செய்த நகல் வந்தது, ஃபைலில் வைத்துவிட்டார். மேனேஜர் பார்த்து, எல்லாவற்றையும் திரும்ப அனுப்பச் சொல்லியிருக்கிறார். இருப்பில் ஒன்றும் தப்பில்லை, நல்லவேளை. ஆனால் எல்லோர் முன்னாலும், "இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டாராம்.

"உங்க பேரைச் சொல்லலை மேடம்" என்றார்.

திட்டியிருக்கலாம். அவர் என்னைக் காப்பாற்றியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போனை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம்தான் முதல் தடவையாக என் அலுவலகத்தில் யார் எந்த வேலையைச் செய்ததில்லை என்று ஒரு தாளில் எழுதினேன். செய்த வேலைகளின் பட்டியல் எல்லோரிடமும் இருக்கும். செய்யாததன் பட்டியலை நீங்கள் எங்களிடம் கேட்டதே இல்லை.

"உறுப்பினர்களை நம்பாமல் எப்படி?" என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும். நம்பிக்கைதான் இந்தத் தொழில் என்று மேடையில் சொல்வீர்கள். ஆனால் தணிக்கை என்ற வேலையே, நம்பிக்கையை ஒருமுறை தட்டிப் பார்ப்பதற்காக வந்ததுதானே? கிளையண்டின் இயக்குநர் கையெழுத்துப் போட்ட உறுதிமொழிக் கடிதம் மட்டும் போதுமான சான்று ஆகாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். மேலாண்மை சொன்னதை வேறு ஆதாரத்தோடு ஒத்துப் பார் என்றீர்கள். அதையே எங்கள்மீது ஏன் செய்யவில்லை?

ஒழுக்கத்தையும் தாள் வைத்துச் சோதித்துவிடலாம் என்ற எண்ணமும் உங்களிடம் இருக்கிறது. 2022 ஜூனில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் எர்ன்ஸ்ட் அண்ட் யங் தணிக்கை நிறுவனத்துக்கு 10 கோடி டாலர் அபராதம் விதித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சிபிஏ உரிமத்துக்கான ஒழுக்கவியல் தேர்வின் விடைகளையே அங்கே பணியாளர்கள் கைமாற்றியிருந்தார்கள். ஒழுக்கத் தேர்வில் காப்பி. நகைச்சுவையாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தாளில் என்ன கேட்டாலும், ஆள் வளர்வது பக்கத்து மேசையில் இருப்பவரைப் பார்த்துத்தான் என்பது என் எண்ணம். பக்கத்து மேசையை நீங்கள் பார்ப்பதில்லை.

இதை இப்போது எழுத இன்னொரு காரணமும் உண்டு. சிபிஏ ஆக 150 கிரெடிட் மணி அளவுக்குக் கல்லூரிப் படிப்பு, அதாவது இளநிலைப் பட்டத்துக்கு மேல் ஏறக்குறைய இன்னொரு வருடம், வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் தளர்ந்து வருகிறது. 2025 ஜனவரியில் ஒஹாயோ மாநிலம், இளநிலைப் பட்டமும் தேர்வும் இருந்து இரண்டு வருட அனுபவமும் இருந்தால் போதும் என்று ஒரு வழியைச் சட்டமாக்கியது. மற்ற மாநிலங்களும் அந்த வழியில் வந்துகொண்டிருக்கின்றன. காசு கொடுத்து இன்னொரு வருடம் படிக்க முடியாதவர்களுக்கு இது நல்ல செய்தி, நான் வரவேற்கிறேன். ஆனால் ஒரு வருடக் கல்லூரிப் படிப்புக்குப் பதிலாக ஒரு வருட அனுபவம் என்றால், அந்த அனுபவத்தை நிறுக்கும் தராசையும் பார்க்க வேண்டாமா? அங்கேயும் கடைசியில் ஒரு சிபிஏவின் கையெழுத்துதான்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். புதிதாக ஒன்றும் வேண்டாம். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததையே செய்யுங்கள். மாதிரி எடுங்கள். வருகிற படிவங்களில் நூற்றுக்கு ஐந்தை உருவுங்கள். அதில் ஏதாவது ஒரு கட்டத்தைத் தொட்டு, அதற்கான வொர்க்கிங் பேப்பரை, அதாவது வேலை செய்த பதிவுத் தாளை, கிளையண்ட் பெயரை மறைத்துக் கொடு என்று என்னிடம் கேளுங்கள். ஐந்து பேரிடம் கேட்டால் போதும், மிச்சம் தொண்ணூற்றைந்து பேரும் படிவத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவோம். இரகசியம் காக்க வேண்டுமே என்று சொல்லாதீர்கள். தணிக்கைத் தர ஆய்வுக்கு வரும்போது அதே ஃபைல்களைத்தானே புரட்டுகிறீர்கள்?

பயிற்சியின் நடுவில் ஒருமுறை, பிரின்சிபல் இல்லாத இடத்தில், பயிற்சி பெறுபவரோடு இருபது நிமிடம் பேசுங்கள். "போன மாதம் செய்த ஒரு வேலையை முதலிலிருந்து சொல்" என்று கேட்டால் போதும். செய்தவர் சொல்வதற்கும் படித்தவர் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். செய்தவர் எடுத்த எடுப்பிலேயே எது சொதப்பியது என்பதைச் சொல்வார்.

அவர் உங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமானால், சொல்லிவிட்டுப் போக ஓர் இடமும் வேண்டும். பல அமைப்புகளில் பயிற்சியின் நடுவில் வேறு அலுவலகம் மாறுவது குதிரைக்கொம்பு. விடுவிக்கும் கடிதம் தர வேண்டியவர் யார்? யார்மீது குறையோ அவர்தான். புகார்ப் பெட்டி வைத்திருக்கிறோம் என்று சொல்லாதீர்கள். அந்தக் கோட்டில் என் கையெழுத்து தேவைப்படும் ஒருவர் என்மேல் புகார் எழுத மாட்டார், நானாக இருந்தாலும் எழுத மாட்டேன்.

எல்லாவற்றையும்விட நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று. உங்கள் படிவத்தில் "செய்யவில்லை" என்று ஒரு கட்டம் வையுங்கள்.

சிரிக்காதீர்கள். இப்போது படிவத்தில் செய்தேன் என்று சொல்ல மட்டுமே இடம் இருக்கிறது. செய்யாததைச் செய்யவில்லை என்று எழுதினால் படிவம் திரும்பி வருகிறது, ஆறு மாதம் போகிறது, வேலை போகிறது. பொய்க்குச் செலவில்லை, உண்மைக்கு ஆறு மாதச் சம்பளம் செலவு. இந்த விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு யாரைக் குற்றம் சொல்வது? எல்லா அலுவலகத்திலும் எல்லா வேலையும் வராது, அது யாருடைய தப்பும் அல்ல. மூன்று பேர் இருக்கும் அலுவலகத்தில் குழும நிறுவனக் கணக்கு வராது. பெரிய நிறுவனத்தில் வருடம் முழுக்க ஒரே வங்கியின் ஒரே பிரிவில் டிக் அடித்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு முழு ட்ரையல் பேலன்ஸை (எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியல்) ஆரம்பத்திலிருந்து முடிக்கும் வேலை வராது. (பெரிய பெயரில் பயிற்சி என்றால் முழுப் பயிற்சி என்று பெற்றோர்கள் நினைக்கிறார்கள். அது தனிக் கதை.) இடைவெளியை மறைக்காமல் சொன்னவருக்கு, அந்த ஒன்றை மட்டும் வேறோர் அலுவலகத்தில் நான்கு வாரம் போய்க் கற்றுவர நீங்கள் வழி செய்துகொடுங்கள். சின்ன அலுவலகங்களும் பெரிய அலுவலகங்களும் ஆட்களை மாற்றிக்கொண்டால் இரண்டு பக்கமும் பயன்தான்.

கையெழுத்துப் போடுபவர்களுக்கும் ஏதாவது வையுங்கள். தேர்வு வேண்டாம், தேர்வென்றால் நாங்கள் விடையைப் பிடித்துவிடுவோம். ஒரே நேரத்தில் எத்தனை பேரைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு உச்சவரம்பு உங்களில் பலரிடம் உண்டு. அவர்களோடு உட்கார்ந்து பேச மாதம் எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்பதற்குக் கீழ்வரம்பு எங்கே?

இதற்கெல்லாம் ஆள் வேண்டும், பணம் வேண்டும் என்பீர்கள். வேண்டும்தான். தேர்வுக்கூடங்களுக்குச் செலவழிக்கிறீர்கள், அந்த அக்கறையில் நூற்றில் ஒரு பங்கு இந்தப் பக்கம் திரும்பினால் போதும் என்று எனக்குப் படுகிறது.

மேசைமேல் கிடக்கும் படிவத்துக்கு வருகிறேன். அந்தப் பெண் போன திங்கட்கிழமை அதை வைத்துவிட்டு, போகாமல் நின்றார். "மேடம், ஏழாவது கட்டத்துல என்ன எழுதறது?" என்றார். ஏழாவது கட்டம் சரக்கை நேரில் எண்ணிச் சரிபார்ப்பது. இந்த இரண்டு வருடமும் எங்களுக்கு வந்தவை எல்லாம் சேவை நிறுவனங்கள், சரக்கே கிடையாது. முன்பு அந்தப் பையன் கேட்காமல் விட்ட கேள்வியை இவர் கேட்டார். கேட்கும் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. என்னிடமிருந்து வந்திருந்தால் சந்தோஷப்படுவேன்.

ஏழாவது கட்டத்தில் "வாய்ப்பு அமையவில்லை" என்று எழுதியிருக்கிறோம். அவரும் நானும் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறோம். மற்ற கட்டங்கள் ஒவ்வொன்றின் எதிரிலும் எந்த ஃபைல், எந்தப் பக்கம் என்று பென்சிலில் குறித்திருக்கிறேன். தெரிந்த ஓர் ஆடிட்டர் அடுத்த மாதம் ஒரு கிடங்கில் சரக்கு எண்ணப் போகிறார், இவரையும் அழைத்துப்போகச் சம்மதித்திருக்கிறார். வேலையில் சேரும் தேதி தள்ளிப்போகும். அதைப் பற்றி அவர் வீட்டில் நான் பேசினேன். அந்த உரையாடலை இங்கே எழுத விரும்பவில்லை.

உங்கள் இணையப் படிவம் ஏழாவது கட்டத்தில் நாள் எண்ணிக்கை போடாமல் அடுத்த பக்கத்துக்குப் போக மறுக்கிறது. பூஜ்யம் போட்டாலும் ஏற்கவில்லை. அதனால்தான் அச்செடுத்து, இந்த மடலோடு தபாலில் அனுப்புகிறேன். கவரை நானே ஒட்டியிருக்கிறேன். திரும்பும் விலாசம் என் அலுவலகம். ஃபைல்களை எடுத்து வெளியே வைத்திருக்கிறேன், யாராவது கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பன்னிரண்டாவது படிவத்தை முழுதாக வாசித்த ஓர் உறுப்பினர்